எடை தூக்கக் கூடாது: மாட்டுக்காரர்கள் சார்பில் ஒரு விளக்கம் கோரல்

பெறுநர்: அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோருக்கு அறிவுரைத் தாள் வகுக்கும் மேன்மைமிகு துறை.
பொருள்: கறவை மாடு வைத்திருப்போரின் ஓய்வு – தெளிவுரை வேண்டுதல் – சார்பு.
பார்வை: தங்கள் தாளில் 'நன்கு ஓய்வெடுக்கவும்' என்னும் வரி.

வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை அகற்றினால், தோலில் தையல் காய்ந்த பிறகும் உள்ளே தசையின் உறை பழைய பலத்துக்கு வர வாரக்கணக்காகும். அதற்குள் முக்கி எதையாவது தூக்கினால் தையல் போட்ட இடம் விட்டுக்கொடுத்துக் குடல் பிதுங்கலாம். ஆகவே ஆறு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது என்று தாள் சொல்வது மருத்துவ ரீதியாகச் சரி. தொழுவத்தில் அதை அமல்படுத்துவதில்தான் சில நிர்வாகச் சிக்கல்கள் எழுகின்றன.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஓரிரு பசுக்களை வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீடுகளில் மாட்டு வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. கறவையிலுள்ள ஒரு ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோ பசும்புல் அறுத்துப் போட வேண்டும். சாணி 15 கிலோவுக்குக் குறையாமல் அள்ள வேண்டும். வெயில் காலத்தில் 60 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். நிறைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்றே கிட்டத்தட்ட 15 கிலோ. விதியை மீறாமல் சின்னப் பாத்திரத்தில் நான்கு நான்கு லிட்டராகக் கொண்டுபோனால் ஒரு மாட்டுக்கு 15 நடை ஆகும். மெதுவாக நடப்பது ரத்தம் கட்டாமல் தடுக்கும் என்று தாளே பரிந்துரைப்பதால், மாட்டின் தாகமும் மருத்துவரின் ஆலோசனையும் இந்த ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன.

பால் கறப்பதில் அந்த ஒற்றுமை நீடிப்பதில்லை. கறப்பவர் மாட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு, பாத்திரத்தை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, பின்னங்கால் அசைகிறதா என்று ஒரு கண் வைத்தபடி காம்பைப் பிடிக்கிறார். பாத்திரத்தை இறுக்குவது தொடை, தொடைக்கு முட்டுக்கொடுப்பது அடிவயிறு, தையல் இருப்பதும் அங்கேதான். ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்றால் மாட்டின் சம்மதம் வேண்டும். மடியைக் கழுவி நீவியதும் அதன் உடலில் ஆக்சிடோசின் சுரந்து பால் இறங்குகிறது. சில நிமிடங்களில் அந்த வேகம் தணிந்துவிடும். பழகாத கை பட்டு மிரண்டால் அட்ரினலின் குறுக்கே வந்து சுரப்பை நிறுத்திவிடும். 'பாலை அடக்கிக்கிச்சு' என்பார்கள். மனைவியின் சேலையைப் போர்த்திக்கொண்டு கணவர் கறக்க உட்காருவதும் உண்டு. சில மாடுகள் ஏமாறுகின்றன, சில உதைக்கின்றன. அரைகுறையாகக் கறந்து பால் மடியில் தேங்கினால் மடிநோய்க்கு வழி. இவ்வளவுக்கும் நடுவே, தாளின் உணவுப் பகுதி தினமும் இரண்டு வேளை பால் குடிக்கச் சொல்கிறது. அதை யார் கறப்பது என்பது அச்சில் விடுபட்டிருக்கலாம்.

அரசு மாட்டைக் கைவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. உரிமையாளரின் ஆதாருக்கு 12 இலக்கம் என்றால் மாட்டின் காது வில்லைக்கும் 12 இலக்கம். கோமாரிக்கு ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசி போடுகிறார்கள். நோவென்றால் 1962 என்ற எண்ணைக் கூப்பிடலாம். மனிதருக்கு 108 இருக்கிறது, அறுவை சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வாசலிலேயே கொடுக்கிறது. தையலோடு தொழுவத்துக்குள் நுழைபவர் மட்டும் எந்தத் துறையின் கோப்பிலும் சேரவில்லை. மாடு செத்தால் கால்நடைக் காப்பீடு பணம் தரும். மாட்டுக்காரி படுத்தால் தராது. பின்லாந்தில் மாடு வளர்ப்போருக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 26 நாள் விடுமுறை உண்டு. உடம்பு சரியில்லாமல் படுத்தாலும் தொழுவத்துக்குப் பதிலாள் ஏற்பாடு செய்ய வழியுண்டு. அங்கே குளிர் அதிகம் என்பது காரணமாக இருக்கலாம்.

துறையைக் கேட்காமலே ஊர்ப் பெண்கள் ஒரு முறையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: 'மாடு வத்தட்டும், அப்புறம் ஆபரேஷன் வெச்சுக்கலாம்.' சினை மாட்டை, கன்று ஈனுவதற்கு 60 நாள் முன்பே கறவை நிறுத்துவது வழக்கம். ஆறு வாரம் என்பது 42 நாள். பால் நின்ற கையோடு ஆபரேஷன் முடிந்தால், கன்று விழுவதற்கு முன் இரண்டு வாரத்துக்கு மேல் கையில் மிஞ்சும். நார்த்திசுக் கட்டி போன்ற, அவசரமில்லாத சிகிச்சைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. புற்றுநோய் என்றாலோ உதிரப்போக்கு அடங்கவில்லை என்றாலோ மாட்டின் வசதியைப் பார்க்கக் கூடாது. தேதி குறிக்கும் மேசையில் 'கடைசி மாதவிடாய் எப்போது' என்று கேட்பவர்கள், கூடவே 'மாடு எத்தனை மாதச் சினை' என்றும் கேட்டுவிட்டால் வேலை முடிந்தது.

தாளின் பின்பக்கம் இதுவரை காலியாகவே அச்சாகி வருவதால் அதில் சிலவற்றைச் சேர்க்க இடமிருக்கிறது. கறக்கப்போகும் புதுக்கையை ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே மாட்டுக்குப் பழக்க வேண்டும். தொட்டிக்குக் குழாய் இழுத்துவிட்டால் குடத்துக்கு வேலையில்லை. சாணியிலும் தொழுவ மண்ணிலும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும். தொழுவத்துக்குப் போய் வந்த கையோடு தையலைத் தொடக் கூடாது. கன்று போட்ட மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பது புரூசெல்லா காய்ச்சலை வரவழைக்கலாம். தையல் உள்ளவர் அந்தப் பக்கமே போகாதிருப்பது நல்லது. ஆட்டுக்குத் தனிப் பத்தி தேவையில்லை, மேய்ச்சலுக்குப் பிடித்துப் போகும்போது கயிற்றை வெட்டி இழுக்கும் என்று ஒரு வரி போதும். கோழி யாருடைய ஓய்வையும் கெடுப்பதில்லை, விடியற்காலை தவிர.

நகல்:
கால்நடை மருந்தகம் – தகவலுக்காக.
பால் சொசைட்டி – புதுக்கை பழகும்வரை தாமதமாக வரும் பாலையும் ஏற்றுக்கொள்ள வேண்டி.
வீட்டுக்காரர் – உடனடி நடவடிக்கைக்காக.