தைப்பனி துளைப்பது தரையையா, முதுகையா?

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பது பழமொழி. இதில் 'துளைக்கும்' என்பதற்கு மேலிருந்து கீழாக என்றே இதுகாறும் பொருள் கொண்டனர். அது பொருந்தாது. தைப்பனி தரையிலிருந்து கிளம்பி, படுத்திருப்பவன் முதுகைத் துளைத்து மேலே வரும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. கள ஆய்வைப் பழனிசெட்டிபட்டி இளைஞர் மூவர், இரவல் கூடாரம் ஒன்றில், கொடைக்கானல் மலைப் பூம்பாறையில், ஒரே இரவில் நிகழ்த்தினோம். இரண்டாம் இரவுக்கு எவரும் உடன்படவில்லை.

முதலில் கணக்கு. பழனிசெட்டிபட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொது விதி. ஆக, நம்மூரில் விடியக்காலை 20 டிகிரி என்றால் அங்கே 8. இது எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். தெரிந்தும் மூவருக்கும் சேர்த்து இரண்டு போர்வைதான் எடுத்தோம். குளிரைப் பற்றிய அறிவு கீழே மூளையில் தங்கியிருக்கும். உடம்புக்கு இறங்குவது பெருமாள்மலை தாண்டிய பிறகே. "அந்த மப்ளரயாச்சும் எடுத்துக்கிட்டுப் போடா" என்று வாசல்வரை வந்த அம்மாவிடம், "முல்லையாத்துக் காத்துல வளந்தவம்மா நானு" என்று பேசியதையும் நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

இனி முன்னோர் பணி. மதுரைப் பக்கத்து வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டினர். அக்காலத்தில் மலையேறும் பாதை பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து புறப்பட்டது. அதாவது எங்கள் பக்கத்து வாசல். (வத்தலக்குண்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்க.) மிஷனரிகள் கூடாரத்தோடு நிற்காமல் சுவர் எழுப்பியது ஏன் என்று அன்று பகல்வரை எனக்கு விளங்கவில்லை. அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் எவர்ஷெட் 1909-இல், சூரியப்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். மனிதனிடமிருந்து சூடு கீழ்நோக்கிப் பாய்வதை ஆராயும் பொறுப்பு எங்களுக்கு மிஞ்சியது.

பகல் பொழுதில் ஆய்வுக்குரிய செய்தி குறைவு. 1863-இல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய ஏரியில் படகேற நிதிக்குழு மறுத்தது. சுற்றி நடப்பது இலவசம். ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். நடந்தோம். கட்டிக்கொண்டு போன புளிசோறு அதிலேயே தீர்ந்தது.

காட்டுக்குள் கூடாரம் போட வனத்துறை விடாது. ஆகவே பூம்பாறையில் நண்பனின் மாமா ஒருவருடைய பூண்டுத் தோட்டத்து ஓரம் இடம் கிடைத்தது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே மலைப்பூண்டு. "கீழ என்ன மாப்ள விரிக்கப் போறீக?" என்றார் மாமா. போர்வைகளைக் காட்டினோம். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

இரவு பத்து மணிக்குக் கூடாரத்தில் இரண்டு மதங்கள் தோன்றின. 'இரண்டையும் போர்த்துக' என்பார் மேற்போர்வையார். 'ஒன்றை விரித்து ஒன்றைப் போர்த்துக' என்பார் கீழ்விரிப்பார். 'எதுவாயினும் நடுவிடம் எனக்கே' என்றவன் மூன்றாமவன். அவன் எந்த மதத்தையும் சேராதவன். வாதம் பன்னிரண்டு வரை நடந்தது. பின்பு பற்கள் மட்டும் பேசின. மேற்போர்வை நெறியில் முதுகு விறைத்தது. கீழ்விரிப்பு நெறியில், விரித்த போர்வை எங்கள் பாரத்தில் நசுங்கி, உள்ளிருந்த காற்றெல்லாம் போய், அப்பளமாகிக் கிடந்தது. சூட்டைக் காப்பது துணியன்று, துணிக்குள் அடைபட்ட காற்றே என்க. ஈரமண்ணோ தொட்ட உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

மணி இரண்டு இருக்கும். டார்ச் வெளிச்சம் தெரிந்தது. மாமா ஒரு கட்டு வைக்கோலும் பூண்டுச் சாக்கு ஆறும் கொண்டுவந்து போட்டார். "இதுக்குத்தான் மாப்ள கேட்டேன்." சாக்குக்குள் வைக்கோலைத் திணித்துப் படுத்தோம். விடிந்தது தெரியவில்லை.

மறுநாள் வீடு திரும்பியதும் அம்மா கேட்டாள்: "குளிருச்சாடா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"அப்புறம் ஏன்டா உம்மேல இப்புடிப் பூண்டு வாட அடிக்குது?"