பெருந்தோட்டத் துறைக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

பெருந்தோட்டத் துறையை ஆளும் ஐயாமாருக்கு,



பழைய மென்பொருளைப் புதிய செயலியில் ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் அல்ல. ஆப்பிள் 2006இல் பவர்பீசியை விட்டு இன்டெல் செயலிக்கு மாறியபோது, பழைய நிரல்களின் கட்டளைகளை ஓடும்போதே மாற்றிக்கொடுக்க ரொசெட்டா என்றொரு மென்பொருளை வைத்தது. 2011இல் அதையும் எடுத்துவிட்டது. ஐந்து வருடத்தில் மூச்சு வாங்கிவிட்டது! விண்டோஸின் 64 பிட் பதிப்புகளோ டாஸ் காலத்து 16 பிட் நிரல்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

இவர்கள் உங்களிடம் வந்து பாடம் படிக்கவேண்டும். ஆட்களைக் கூட்டும் காலைப் பெரட்டு, வேலை வாங்கும் கங்காணி, பேர் பதியும் செக்ரோல், வரிசை வீடுகளான லயம் என்று கோப்பிக் காலத்தில் எழுதிய நிரல் உங்களுடையது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வந்தது, இலைநோயில் கோப்பி அழிந்தது, நிரல் ஓடியது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து, வெள்ளைக்காரக் கம்பெனிகள் போய் அரசாங்கம் வந்தது, ஓடியது. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளுக்குப் போனது, இன்றும் ஓடுகிறது. துரைமாரின் நிறம் மாறியதைக்கூட அது கவனிக்கவில்லை.

புதிய எண்ணை உள்ளிட்டாலும் பழைய விடையே வரும். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி சொன்னது. பல தோட்டங்களில் கையோடு கையாக, பறிக்கவேண்டிய கொழுந்தின் கிலோவைக் கூட்டினார்கள். கொழுந்து குறைந்தவர்களுக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தது. சம்பளத்தைக் கூட்டியும் கூடாமல் பார்த்துக்கொள்ளும் இந்த வித்தையை எந்தப் பொறியாளர் எழுதுவார்?

ஒரேயொரு சின்னக் குறை. 32 பிட் செயலியே 4 கிகாபைட் நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி கொடுத்துவிடும். 64 பிட் செயலி அதைப்போல 400 கோடி மடங்குக்கு மேல் கொடுக்க வல்லது. பல லயத்துக் காம்பராக்களுக்கு இன்னும் இலக்கமே இல்லை. கணினியில் ஓர் ஆங்கில எழுத்துக்கு இருக்கும் விலாசம் இங்கே ஒரு குடும்பத்துக்குக் கிடையாது.

ஆனாலும் உங்கள் சாதனைக்கு விருது வழங்கவேண்டும் என்று சிபாரிசு செய்கிறோம். விழாவுக்கு எங்களையும் அழைப்பதாக இருந்தால் கடிதம் போடுங்கள். அது தோட்ட ஆபிசுக்குத்தான் வரும். அங்கே எடுத்துத் தந்தால், அன்றைய பேரையும் வெட்டாமல் விட்டால், கட்டாயம் வருகிறோம்.

இப்படிக்கு,
முகவரி ஒதுக்கப்படாத அட்டன் லயத்து ஆட்கள்