கடுக்கனை அடகு வைத்த ஊர்

கேள்வி: தத்துவம் படித்தால் சோறு கிடைக்குமா?
— வேலை தேடும் பட்டதாரி, சின்னசேலம்

கிடைத்திருக்கிறது. சிவப்பிரகாசம் பிள்ளை கல்லூரியில் தத்துவம் படித்தவர். தென்னாற்காடு மாவட்ட வருவாய்த் துறையில் வேலை. அந்தக் காலத்தில் கள்ளக்குறிச்சியும் தென்னாற்காடுதான். 1902-இல் அலுவல் விஷயமாகத் திருவண்ணாமலை போனவர், மலைக் குகையில் மௌனமாக இருந்த ரமணரைப் போய்ப் பார்த்தார். முதல் கேள்வியே, "நான் யார்?" ரமணர் வாய் திறக்காமல் எழுதிக் காட்டினார். பின்னாளில் 'நான் யார்?' என்ற நூலானது அந்தக் கேள்வி-பதில்தான். பிள்ளைக்குச் சம்பளம் கொடுத்தது வருவாய்த் துறை. சம்பளம் வாங்குகிற ஆள் யார் என்று கேட்க வைத்தது தத்துவம். தம்பி, உங்களுக்கு இரண்டும் வேண்டும்.

கேள்வி: ரமணருக்கும் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் சம்பந்தம் உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருக்கோவிலூர்

ஐயா, உங்கள் ஊரில்தான் அவர் கடுக்கனைக் கழற்றினார்! 1896 ஆகஸ்டில் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பிய 16 வயதுப் பையன் வேங்கடராமன், விழுப்புரத்தில் இறங்கியபோது கையில் சில்லறைதான் மிச்சம். அது மாம்பழப்பட்டு வரைக்கும் டிக்கெட்டுக்குச் சரியாகப் போனது. அங்கிருந்து நடை. அறையணிநல்லூர் கோயில், பிறகு ஆற்றுக்கு இக்கரையில் கீழூர் வீரட்டேசுவரர் கோயில். நல்ல பசி. மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் வயிறாரச் சாப்பாடு போட்டார்கள். ரயிலுக்குக் காசு வேண்டுமே! காதில் கிடந்த கடுக்கனை அவரிடமே அடகு வைத்து 4 ரூபாய் வாங்கிக்கொண்டான். பிறகு வந்து மீட்டுக்கொள்ள பாகவதர் விலாசம் எழுதிக் கொடுத்தார். தெருவுக்கு வந்ததும் பையன் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டான்.

கடுக்கனைக் கொடுத்ததைவிடச் சீட்டைக் கிழித்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நாம் எத்தனை சீட்டு வைத்திருக்கிறோம்! கல்யாணப் பந்தியில் கவனிக்காத சித்தப்பா, பாகப் பிரிவினையில் போன அரைக் குழி நிலம்... எல்லாம் மீட்கப் போவதில்லை என்று தெரிந்தே பீரோவில் பூட்டி வைத்த சீட்டுகள்.

கேள்வி: ஒற்றை அறை வாடகை வீடு, ஐந்து பேர். நிம்மதிக்கு வழி?
— குடும்பத்தலைவி, உளுந்தூர்பேட்டை

அம்மா, முதலாழ்வார் மூவர் திருக்கோவிலூரில் மழைக்கு ஒதுங்கியது ஓர் இடைகழியில். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். அவ்வளவுதான் இடம். மூன்றாமவர் வந்தபோது "இடமில்லை" என்று யாரும் சொல்லவில்லை, எழுந்து நின்றார்கள். ஆனாலும் ஐந்து பேருக்கு ஒற்றை அறை போதாது. தத்துவத்தைக் காட்டி உங்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். வேறு வீடு தேடுங்கள்.

கேள்வி: எது நடந்தாலும் "தலையெழுத்து" என்கிறார்களே?
— கூலித் தொழிலாளி, கள்ளக்குறிச்சி

மழை பொய்த்தால் அப்படிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்ததே, அது தலையெழுத்தா? ஒருவன் கலந்தான், ஒருவன் விற்றான், தடுக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை. அடிமையாகப் பிறந்து தத்துவ ஆசிரியரான கிரேக்கர் எபிக்டெடஸ் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுத்தது, நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்க்கத்தான். மனிதன் செய்ததை விதியின் கணக்கில் எழுதினால் செய்தவன் தப்பித்துவிடுவான்.

கேள்வி: "சுதந்திரம் என்றால் என்ன?" என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?
— பள்ளி மாணவி, வெள்ளிமலை

உன் பாட்டியிடம் ஆரம்பி, கண்ணு. நாட்டுக்குச் சுதந்திரம் 1947-இல் வந்தது. உங்கள் கல்வராயன் மலையில் ஜாகிர்தார்கள் என்ற நில ஆட்சியாளர்களின் ஆதிக்கம் 1976-இல்தான் ஒழிந்தது. நடுவில் 29 வருடம். அந்த நாளில் யார் நிலத்தில் உழைத்தார்கள், யாருக்குப் பயந்தார்கள், முதல் ஓட்டு எப்போது போட்டார்கள் என்று கேள். பாட்டி சொல்வதை அவர் பேச்சிலேயே எழுது. முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.