மைலேஜ் பண்டிதர்

சென்னையின் தென்பகுதியில், குறிப்பாக வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை ஆகிய ஏரி சூழ்ந்த குடியிருப்புகளில், பரவலாகக் காணப்படும் மனித வகைகளுள் மைலேஜ் பண்டிதர் தனித்து ஆராயத்தக்கவர். கார் வைத்திருப்பவர் வேறு, கார்ப் பிரியர் வேறு, இவர் வேறு. கார் வைத்திருப்பவருக்குக் காரைப் பற்றி அதிகம் தெரியாது. சம்பளத்தில் ஒரு பகுதி தவணைக்குப் போய்விடுவதால் மீதியைப் பற்றிய கவலையே அவருக்குப் போதுமானதாக இருக்கிறது. கார்ப் பிரியர் வேகத்தையும் வடிவத்தையும் பேசுவார். பண்டிதரோ, நகரத்துக்குள் அலுவலகம் போய்வரச் சிக்கனமான சிறிய கார் எது என்ற ஒற்றைக் கேள்வியைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் பற்றிக்கொண்டிருப்பவர். அத்தனை ஆண்டும் அலுவலகத்துக்குப் பறக்கும் ரயிலிலும் கடைகண்ணிக்கு ஸ்கூட்டரிலும் போய்வருபவர்.

அவருடைய சாத்திரத்தின் மூலச்சொல் மைலேஜ் என்பதாகும். மைல் கற்கள் கிலோமீட்டர் கற்களாக மாறி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஒரு லிட்டர் எரிபொருளில் வண்டி ஓடும் தூரத்தைக் குறிக்க இச்சொல்லே நிலைத்துவிட்டது. இதற்குரிய வினைச்சொல் 'கொடுத்தல்'. "எவ்வளவு குடுக்குது?" என்று பண்டிதர் ஒரு காரைப் பார்த்துக் கேட்கும்போது, மாட்டுச் சந்தையில் கறவை மாட்டின் முதுகைத் தடவியபடி அவருடைய பாட்டனார் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்கிறார். விற்பவன் சொன்ன அளவில் ஒரு படியைக் கழித்துக்கொள்ளும் விவேகம் பாட்டனாருக்கு இருந்தது. பேரனுக்கு அது வாய்க்கவில்லை.

ஏனெனில் பேரன் நம்புவது அச்சிட்ட எண்ணை. விளம்பரங்களில் வரும் மைலேஜ் எண், புனேயில் 1966 முதல் இயங்கிவரும் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற சோதனை அமைப்புகள் சான்றளிப்பதாகும். அங்கே கார் சாலையில் ஓடுவதில்லை. சக்கரங்கள் உருளைகளின்மேல் சுழல, கார் நின்ற இடத்திலேயே நிற்க, இந்த நொடியில் இந்த வேகம் என்று வகுத்துவைத்த அட்டவணைப்படி, மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாமல், ஏசி போடாமல் அளவெடுக்கப்படுகிறது. குறுக்கே தண்ணீர் லாரி வருவதில்லை, மெட்ரோ பணிக்காகத் தடுப்பு வைப்பதில்லை, ஷேர் ஆட்டோ நினைத்த இடத்தில் நிற்பதில்லை. கார் இடத்தை விட்டு நகர்வதில்லை என்ற ஒன்றில் மட்டுமே அச்சோதனைக்கூடம் மாலை ஏழு மணியின் வேளச்சேரி–தரமணி சாலையை ஒத்திருக்கிறது. சித்திரை வெயிலில் ஏசியை முழுவீச்சில் வைத்து, கிளட்ச்சை மிதித்தும் விட்டும் ஊர்ந்து போகும் காருக்கு அச்சிட்ட எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே அது நல்ல கார் என்பது மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு. பண்டிதர் இக்கணக்கையும் அறிவார், ஆனால் பிறருடைய கார்களுக்கு மட்டுமே அதைப் பொருத்துவார்.

பண்டிதரின் கணக்கு நோட்டு தனிச் சிறப்புடையது. அதில் ஒரு பக்கம், வேளச்சேரியிலிருந்து டைடல் பார்க்கிலுள்ள அலுவலகத்துக்குப் போய்வர 15 கிலோமீட்டர், மாதத்துக்கு 24 நாள், ஆகவே 360 கிலோமீட்டர் என்று தொடங்குகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு 24 லிட்டரும், 18 கொடுக்கும் காருக்கு 20 லிட்டரும் செலவாகும்; லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 400, ஆண்டுக்கு 4,800 ரூபாய் மிச்சம். இவ்வளவு மிச்சம் பிடிக்கும் கார் மற்றதைவிட 72,000 ரூபாய் விலை கூடுதல் என்பதால், கூடுதலாகப் போட்ட பணம் திரும்பிவரச் சரியாகப் பதினைந்து ஆண்டாகும் என்பது அப்பக்கத்தின் கடைசி வரி. இதைக் கண்டுபிடித்த இரவில் அவர் மனைவியை எழுப்பிக் காட்டியபோது, அந்த அம்மையார் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஏங்க, அதுக்குள்ள நீங்க ரிட்டையரே ஆயிடுவீங்களே" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார். நகரத்துக்குள் குறைந்த தூரம் ஓட்டுகிறவர் மைலேஜுக்காக அதிக விலை கொடுப்பது பெரும்பாலும் வீண் என்னும் பொருளாதார உண்மையை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் இல்லை.

இந்தியச் சிறுகார் வரலாற்றைப் பண்டிதரின் ஒத்திவைப்புகளைக் கொண்டே எழுதிவிடலாம். 2008 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் டாட்டா நிறுவனம் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று நானோவைக் காட்டியபோது, முதல் ஆண்டுக் காரை வாங்கலாகாது, குறைகளெல்லாம் களையப்படட்டும் என்று காத்திருக்கத் தொடங்கினார். 2018இல் அதன் உற்பத்தியே நின்றுபோன பிறகுதான் காத்திருப்பை முடித்துக்கொண்டார். டீசல்தான் சிக்கனம் என்ற முடிவுக்கு அவர் வந்து சேர்ந்தபோது 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் கடுமையான புகை விதிகள் நடைமுறைக்கு வந்து, சிறிய கார்களில் டீசல் ஏறக்குறைய மறைந்தது. அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவான சிஎன்ஜியில் மைலேஜ் அதிகம் என்றறிந்தார். அதன் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டதும், ஊருக்குப் போனால் அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று கேட்டார். மின்சாரக் காருக்கு அடுக்ககத்தின் பொது மின்கணக்கில் சார்ஜ் போடச் சங்கம் ஒப்பவில்லை. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்பட்டபோது, எத்தனாலில் அதே அளவு பெட்ரோலைவிட வெப்ப ஆற்றல் குறைவு, ஆகவே மைலேஜும் சற்றுக் குறையும் என்று படித்துவிட்டு ஒரு வாரம் யாருடனும் பேசாதிருந்தார். மழை எச்சரிக்கை வந்தால் வெள்ளத்துக்கு அஞ்சி வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்களை வரிசையாக நிறுத்தும் வழக்கம் 2024 அக்டோபரில் நாடறிந்த செய்தியானபோது, பால்கனியில் நின்று, "பாவம், கார்க்காரங்க" என்றார்.

இத்தனை ஆண்டுத் தவத்துக்குப் பலன் 2025 செப்டம்பர் 22ஆம் நாள் கிட்டியது. சிறிய கார் என்பதற்கு வரிச் சட்டம் தரும் இலக்கணம், பெட்ரோல் காராயின் நீளம் நான்கு மீட்டருக்கும் இன்ஜின் 1,200 சிசிக்கும் மிகாதிருத்தல். அத்தகைய காருக்குக் கூடுதல் தீர்வையும் சேர்த்து 29 விழுக்காடாக இருந்த சரக்கு-சேவை வரி அன்று 18ஆகக் குறைந்தது. இது தம்முடைய பொறுமைக்கு மத்திய அரசு அளித்த தனிப்பட்ட பரிசு என்றே பண்டிதர் இன்றளவும் கருதுகிறார். இடைப்பட்ட ஆண்டுகளில் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் விமான நிலையத்துக்கும் கால் டாக்ஸிக்குக் கொடுத்த பணத்துக்கு மட்டும் அந்த நோட்டில் பக்கம் ஒதுக்கப்படவில்லை.

ஷோரூமில் அவர் நடந்துகொண்ட முறையும் குறிப்பிடத்தக்கது. முதலில் விரல் முட்டியால் கதவைத் தட்டி, தேங்காயின் முற்றலைச் சோதிப்பவர்போல் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஷோரூம் விலைக்கும், சாலை வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்து கையிலிருந்து உண்மையில் போகும் ஆன்ரோடு விலைக்கும் உள்ள வேறுபாட்டை விற்பனைப் பையனுக்கே விளக்கினார். மிதியடி விரிப்பை இலவசமாகப் பெற முக்கால் மணி நேரம் போராடினார். மோதல் சோதனையில் கார் பெற்ற நட்சத்திரம் எத்தனை என்று மட்டும் கேட்கவில்லை. 2014இல் வெளிநாட்டு அமைப்பொன்று இந்தியாவின் ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்து ஐந்துக்கும் சுழியம் கொடுத்தது, 2023 முதல் இந்தியாவுக்கே சொந்தமாக அத்தகைய மதிப்பீடு இருக்கிறது. ஆயினும் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தால் துடித்துப்போகும் மனிதர் தம் விலா எலும்பைப் பற்றி இவ்வளவு அலட்சியமாக இருப்பதை நகைச்சுவைக்குள் அடக்குவது கடினம்.

இறுதியில் எந்தக் கார் என்பதை நோட்டு முடிவு செய்யவில்லை. மாமியாருக்கு முட்டி வலி. குனியாமல் ஏறி உட்கார உயரமான கார் வேண்டும் என்று மனைவி 2010இலேயே சொல்லியிருந்த அதே வேகன் ஆர் வாங்கப்பட்டது. சென்ட்ரல் அருகே பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழங்களின்மேல் சக்கரம் ஏற்றி அது வீடு வந்தது. டைடல் பார்க்கில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லையாதலால் பண்டிதர் இன்றும் வேளச்சேரியிலிருந்து திருவான்மியூருக்குச் சீசன் டிக்கெட்டில்தான் போகிறார். கார் உறை போர்த்திக்கொண்டு கீழே நிற்கிறது. மழை எச்சரிக்கை வந்தால் மேம்பாலம் ஏறுகிறது.

ஒருமுறை மட்டும் டேங்க் நிரம்பப் பெட்ரோல் போட்டு, முன்னூறு கிலோமீட்டர் நகரத்துக்குள்ளேயே ஓட்டி, மீண்டும் அதே பம்பில் நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்துப் பார்த்தார். 13 என்று வந்தது. அந்தத் தாளை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் எதிர்வீட்டு இளைஞர், புதிதாகக் கார் வாங்கும் எண்ணத்துடன், "எவ்வளவு சார் குடுக்குது?" என்று கேட்டபோது, பண்டிதர் காரின் கூரையை வாஞ்சையுடன் தடவியபடி, "சிட்டியிலயே பதினெட்டு, தம்பி" என்றார். வேளச்சேரிப் பக்கம் இவ்வாறு சொல்லக் கேட்கும் வாசகர்கள் அதில் ஐந்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.