ஆச்சியின் வாயைக் கழுவுதல்

1979 செப்டம்பரில் சிங்கப்பூர் பிரதமர் லீ குவான் யூ வீட்டு அடுப்படிக்குள் புகுந்தார். ஹொக்கியனும் தியோச்சியூவும் ஹக்காவும் பேசிக்கொண்டிருந்த சீனக் குடும்பங்கள் இனி மாண்டரின் பேச வேண்டும் என்றார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கிளைமொழிகளுக்குக் கதவடைக்கப்பட்டது. பாட்டி சோறு போட, பேரன் பேச்சில்லாமல் தின்று எழுந்தான்.

2016-ல் அதே அரசு ஹொக்கியனில் நாடகத்தொடர் எடுத்தது. பெயர் ‘சாப்பிட்டாச்சா?’ அரசுத் திட்டங்கள் கிழவிகளுக்குப் புரிய வேண்டுமே! பேரனிடம் சொல்லியனுப்பலாம்தான். அவன் நாக்கைத்தான் முன்பே அறுத்தாயிற்று.

சிரிக்காதீர்கள், தூத்துக்குடிக்காரர்களே. நம்மூரில் சட்டம்கூடத் தேவைப்படவில்லை.

போன வருஷம் ஒரு பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி. கடலோரத்துப் பையன் ஒருவன், கச்சான் பலத்தால் வள்ளம் இறக்க மாட்டார்கள் என்றான். நடுவர் முகம் சுளித்தார். “கொச்சையாப் பேசாத தம்பி. மேற்குக் காற்றுன்னு சொல்லு.” மார்க் போயிற்று. சொல்லிவிட்டு ஐயா சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்து, ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாவி, மேஜை, ஜன்னல் மூன்றும் போர்த்துக்கீசியனோடு கப்பலேறி வந்தவை. அவை தமிழாம், கச்சான் கொச்சையாம்! கீழ்க்காற்றான கொண்டல் சங்கப் பாட்டில் வீசினால் இலக்கியம், மீன்காரி வாயில் வீசினால் நாற்றம்.

போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார் நம் கரையின் புன்னைக்காயலில் உட்கார்ந்து தமிழ் கற்றது எந்தப் புலவர் சங்கத்திலாம்? 1578-ல் கொல்லத்தில் அவர் அச்சடித்த ‘தம்பிரான் வணக்கம்’தான் தமிழ் எழுத்தில் அச்சாகி இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய புத்தகம். அச்சுவேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் மீனவர்களான பரதவர்கள். தமிழை அச்சில் ஏற்றக் காசு கொடுத்தவன் பேரனுக்குத் தமிழ் வராதாம், நடுவர் கண்டுபிடித்துவிட்டார்.

இந்தக் கரைப் பேச்சை அப்படியே எழுதிய ஜோ டி குரூஸின் ‘கொற்கை’க்கு 2013-ல் சாகித்திய அகாதெமி பரிசு. அதற்குப் பொன்னாடை போர்த்துகிற அதே கைதான் வகுப்பில் சிவப்பு மையால் கோடு கிழிக்கிறது. நகரத்துக்குள் வாடகை வீடு கேட்டுப் போனால் இரண்டே வார்த்தையில் எந்தத் தெரு என்று மோப்பம் பிடித்து, “வீடு காலியில்லையே” என்கிறார்கள்.

பையன் அதன்பிறகு திருந்திவிட்டான். ஒருநாள் வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த ஆச்சியிடம், “இன்று மேற்குக் காற்று அதிகம்” என்றிருக்கிறான்.

ஆச்சி நிமிர்ந்து பார்த்துக் கேட்டாளாம்: “அது எந்தூருக் காத்துல, மக்கா?”