கூட்டெழுத்துப் புணரியல்

எழுத்தும் எழுத்தும் சேரும்போது நிகழ்வதையெல்லாம் பவணந்தி முனிவர் நன்னூலில் சொல்லிவிட்டார். நாலுகோடு நோட்டில் ஆங்கில எழுத்துகள் கர்சிவாகச் சேர்வது மட்டும் விட்டுப்போயிற்று. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளை முன்னிட்டு அக்குறையை நீக்கப் புகுந்தேன்.

புணர்ச்சி இருவகை: இயல்பு, விகாரம். மிஸ் கரும்பலகையில் எழுதுவது இயல்பு, ஏனையவை விகாரம். அது தோன்றல், திரிதல், கெடுதல் என முத்திறப்படும். 'எம்'முக்கு ஒரு மேடு கூடுதலாக முளைப்பது தோன்றல். 'ஏ' வாயை மூட மறந்து 'யூ' ஆவது திரிதல். நடுவிலிருந்த 'ஆர்' சுவடின்றிப் போவது கெடுதல்; இதனை வீட்டார் "எழுத்தை முழுங்கிட்டா" என்ப.

இனி, மூட்டு. பெரும்பாலான எழுத்துகள் அடிக்கோட்டில் வாலை நீட்டி அடுத்ததைப் பிடிக்கும். பி, ஓ, வி, டபிள்யூ நான்கும் மேலிருந்தே கை நீட்டும். (ஈண்டுப் 'பி' என்றது நிமிர்ந்து நிற்பதை, கோட்டுக்குக் கீழே கால் தொங்கப்போடும் 'பி' வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்தாதலின் விளக்க வேண்டியதாயிற்று.) பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். நிறங்கள் பாடத்தில் வரும் 'பிரௌன்' என்ற ஐந்தெழுத்துச் சொல்லைப் பாருங்கள்: மூட்டு நான்கு, அவற்றில் மூன்று மேல்மூட்டு! ஏழு வயதுக்கு இது அநியாயம்.

உதவுவோரும் மூவர். கையைப் பிடித்து எழுதுவிப்போர். அந்தக் கையெழுத்து அவர்களுடையதே. ரப்பரால் தாளில் ஓட்டை போடுவோர். இருபது தடவை எழுதச் சொல்வோர். நான் மூன்றாம் வகை. முதல் வரியில் இருந்த தப்பு இருபதாம் வரியில் நன்றாகத் தேறி வந்திருந்தது.

பிறகு நோட்டை மூடிவிட்டு, விஜயதசமிக்குச் செய்வதுபோல் தாம்பாளத்தில் அரிசி பரப்பினோம். முழுச் சொல் வேண்டாம். 'ஓ'விலிருந்து 'டபிள்யூ'வுக்குப் போகும் பாலம் மட்டும், விரலால். நாலைந்து முறை அழித்து எழுதியவள் நிமிர்ந்தாள்.

"அப்பா, ஓ கீழ எறங்கினா ஏ ஆயிடுதுப்பா!"

அதற்கு மேல் உரையாசிரியனுக்கு வேலை இல்லை. அடுத்த நாள் 'பி'யும் 'ஆரும்', அதற்கடுத்த நாள் 'டபிள்யூ'வும் 'என்'னும். தினம் பத்து நிமிடம்தான். கை வலித்தால் அதுவும் இல்லை.

இடக்கைப் பிள்ளைகளுக்குத் தனி இயலே வேண்டும். நோட்டின் தலைப்பக்கத்தை வலப்புறம் சாய்த்து வைத்தால் மணிக்கட்டை மடக்காமல் எழுதலாம் என்பதோடு இங்கே நிற்கிறேன்.

வெள்ளிக்கிழமை நோட்டு திருத்தி வந்தது. 'பிரௌன்' ஒரே இழுப்பில், சற்றுக் கோணலாக, ஓ ஓவாகவே இருந்தது. கீழே சிவப்பு மையில் மிஸ் 'குட்' போட்டிருந்தார்; அதில் ஓரெழுத்தும் இன்னொன்றைத் தொடவில்லை.