சமையலறைத் தாளில் ஒரு வாயேஜர்

அமெரிக்காவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஹாலோவீன் என்பது அக்டோபர் 30 இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும் விஷயம். கடையில் தொங்கும் ஆரஞ்சு நிற விண்வெளி வீரர் உடை "சின்னப் பசங்களுக்கு" என்று ஒதுக்கப்பட்டுவிடும். விண்கலமாகவே போக வேண்டும் என்று உத்தரவு வரும். கடையும் மூடியிருக்கும். இந்தக் கையேடு அந்த நேரத்துக்கானது.

எந்த விண்கலம் என்பதை மட்டும் பிள்ளையின் விருப்பத்துக்கு விடாதீர்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி என்று சொன்னால் உடனே பேச்சை மாற்றுங்கள். அறுகோணக் கண்ணாடி 18 வெட்டித் தங்க நிறம் பூச வேண்டும். அதற்குக் கீழே டென்னிஸ் மைதானம் அளவுக்கு ஐந்தடுக்கு வெயில் மறைப்பு வேறு. நாசாவுக்கே வருடக்கணக்கில் இழுத்தடித்த வேலை அது. ஸ்புட்னிக் சுலபம், ஓர் உருண்டையும் நான்கு கம்பியும் போதும். ஆனால் ஊசி குத்திய உருளைக்கிழங்கா என்று கேட்பார்கள். வாயேஜர்தான் சரி. 1977-இல் கிளம்பிய இரட்டைக் கலங்கள் என்பதால், எது கோணலாக இருந்தாலும் "அந்தக் காலத்துப் பொருள்" என்று சமாளிக்கலாம்.

உடம்புக்கு அமேசான் பெட்டி. வாயேஜரின் நடுப்பகுதிக்குப் பத்துப் பக்கங்கள். இரவு பத்தரைக்கு மேல் பத்துப் பக்கம் மடிப்பவர்கள் மடியுங்கள். எட்டோடு நிறுத்தியவர்களை யாரும் எண்ணிப் பார்த்துக் கேட்கப்போவதில்லை. அதன் மேல் அலுமினியம் ஃபாயில். மீந்த சப்பாத்தியைச் சுற்றுகிற தாளில் விண்கலமா என்று வீட்டில் யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்: 1973 டிசம்பரில் பயனியர் 10 விண்கலம் வியாழனைக் கடந்தபோது, அங்கே கதிர்வீச்சு நினைத்ததைவிடக் கடுமை என்று தெரிந்தது. வாயேஜரைக் கட்டிக்கொண்டிருந்த பொறியாளர்கள் கடைசி நேரத்தில் கம்பிகளுக்குக் கவசமாகச் சுற்றியது சமையலறை அலுமினியத் தாளைத்தான். நீங்கள் செய்வது போலி அல்ல, அசல் பொருள். மினுமினுப்பான பக்கம் வெளியே வர வேண்டுமா, உள்ளே வர வேண்டுமா என்பதைக் கணவன் மனைவி இருவரும் விவாதிக்க அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆன்டெனா. குடையை விரித்து முதுகில் கட்டிவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். கலிலியோ விண்கலத்துக்கும் அப்படித்தான் குடைபோல் விரியும் ஆன்டெனா வைத்தார்கள். 1991 ஏப்ரலில் விரிக்கச் சொன்னபோது கம்பிகள் சிக்கிக்கொண்டு, கடைசிவரை முழுதாக விரியவே இல்லை. வாயேஜருடையது மடங்காத கிண்ணம், குறுக்களவு 3.7 மீட்டர். உங்களுக்கு முக்கால் மீட்டர் போதும். கெட்டியான வெள்ளை அட்டையை வட்டமாக வெட்டுங்கள். ஓரத்திலிருந்து நடுப்புள்ளிவரை கத்தரியால் ஒரே ஒரு கீறல். கீறலின் இரண்டு விளிம்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு விரல் அகலம் ஏற்றி ஸ்டேப்ளர் அடித்தால், தட்டையாக இருந்தது தானாகக் குழிந்து நிற்கும். இந்த ஒரு நிமிடம்தான் அன்றிரவு நீங்கள் பொறியாளர்போல் உணரும் நிமிடம், அனுபவித்துக்கொள்ளுங்கள்.

கிண்ணத்தை முதுகில்தான் கட்ட வேண்டும், குழி வெளியே பார்க்க. காரணம் இருக்கிறது. பிள்ளை வாசல்வரை போய் மிட்டாய் கேட்கும்போது நீங்கள் நடைபாதையிலேயே நிற்பீர்கள். ஆன்டெனா எப்போதும் பூமியைப் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி, பூமி நீங்கள்தான். 2023 ஜூலையில் தவறான கட்டளை ஒன்றால் வாயேஜர் 2-இன் ஆன்டெனா வெறும் 2 டிகிரி திரும்பிவிட்டது, தொடர்பு போய்விட்டது. கான்பெராவிலிருந்த பெரிய ஆன்டெனாவை வைத்து இங்கிருந்து ஒரு கத்து கத்தினார்கள். அது காதில் விழுந்ததா என்று தெரிய 37 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. எதிர் வீட்டுப் பையனைப் பார்த்து உங்கள் பிள்ளை 2 டிகிரி திரும்பினால் இதே வழியைப் பின்பற்றுங்கள். பதில் வரும் நேரமும் ஏறக்குறைய அதேதான்.

மின்சாரத்துக்கு மூன்று காபி டப்பாக்களைக் கறுப்படித்து வரிசையாக ஒட்டுங்கள். உள்ளே இருப்பது புளூட்டோனியம் என்று எந்த வாசலிலும் சொல்ல வேண்டாம் எனப் பிள்ளைக்குக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பேட்டரி என்றால் போதும். காந்தமானியின் நீட்டுக்கம்பி நிஜத்தில் 13 மீட்டர். கிளம்பும்போது ஓர் உருளைக்குள் சுருண்டிருந்து பிறகு நீண்டது. வீட்டிலிருக்கும் இரும்பு டேப் அச்சு அசலாக அந்த வேலையைச் செய்யும். இரண்டாவது வீட்டிலேயே அது வாளாகிவிடும் என்பதால் அரை மீட்டரில் பூட்டிவிடுங்கள்.

மார்பில் தங்கத்தட்டு, வேற்றுலகத்தாருக்காக வாயேஜர் சுமந்து போகும் ஒலித்தட்டு. நிஜத்தட்டு 12 அங்குலச் செம்பு, மேலே தங்க முலாம். ஊரிலிருந்து வந்த பித்தளைத் தாம்பாளம் இருந்தால் புளி போட்டுத் துலக்குங்கள், வித்தியாசமே தெரியாது. குங்குமக்கறை மட்டும் போக வேண்டும். வீடியோ அழைப்பில் இதைப் பார்க்கும் தாத்தா, "அதுல தமிழ் இருக்காடா?" என்று நிச்சயம் கேட்பார். 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. கன்னடம் இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது, சிங்களம் இருக்கிறது, பேசுவதற்கு ஆளே இல்லாத சுமேரியம்கூட இருக்கிறது. தமிழ் இல்லை. இந்தத் தகவலைத் தாத்தாவிடம் சொல்வதற்கு முன் அவர் மாத்திரை போட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டால், ஒவ்வொரு வாசலிலும் பிள்ளை முதலில் வணக்கம் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அழைப்பு முடியும்.

இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குத் தனிக் குறிப்பு. முதலில் கிளம்பியது வாயேஜர் 2, ஆகஸ்ட் 20. வாயேஜர் 1 கிளம்பியது செப்டம்பர் 5. பின்னால் கிளம்பியதுதான் வேகமாகப் போய் அந்த வருடமே முன்னதை முந்தியது. ஆகவே பெரியவளுக்கு 2 என்ற எண்ணையும் சின்னவனுக்கு 1 என்ற எண்ணையும் ஒட்டிவிட்டு, வீண் சண்டைக்குத் தயாராகுங்கள். "அவன் சனியோட வேற பக்கம் போயிட்டான், யுரேனஸும் நெப்டியூனும் பார்த்தது நீ மட்டும்தான்" என்று பெரியவளிடம் சொல்லலாம். வேலை செய்யும் என்று உறுதி தர மாட்டேன்.

போகும் பாதையை முன்பே வரைந்துகொள்ளுங்கள். வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கையும் ஒரே பயணத்தில் பார்க்கத் தோதான வரிசை சுமார் 176 வருடத்துக்கு ஒருமுறைதான் அமையும். ஒரு கிரகத்தின் ஈர்ப்பில் வேகம் பிடித்து அடுத்ததற்குப் பறப்பதுதான் உத்தி. உங்கள் தெருவில் முழு அளவு சாக்லேட் கொடுக்கும் வீடுதான் வியாழன். அங்கே முதலில் போங்கள், அந்த வேகத்தில் பிள்ளை மூன்று தெரு நடக்கும். பல் மருத்துவர் வீட்டில் டூத்பிரஷ் கொடுப்பார்கள், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வாசல் விளக்கு எரியாத வீட்டில் இறங்க வேண்டாம்.

எத்தனை உழைத்தாலும் கதவைத் திறப்பவர்களில் பாதிப் பேர் "ஓ, ரோபோ!" என்பார்கள். மீதிப் பேர் சாட்டிலைட் டிவி என்பார்கள். திருத்தாதீர்கள். திருத்தினால் மிட்டாய் குறையும்.

குளிர் ஏற ஏற பிள்ளைகள் எதையாவது கழற்றி உங்கள் கையில் கொடுப்பார்கள். வாயேஜருக்கும் வருடத்துக்கு சுமார் 4 வாட் குறைந்துகொண்டே வருவதால் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து வருகிறார்கள். முதலில் டேப், பிறகு காபி டப்பாக்கள், பிறகு கிண்ணம். தாம்பாளத்தை மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், புல்வெளியில் போட்டுவிட்டால் ஊரில் பதில் சொல்ல முடியாது.

வீடு திரும்பியதும் இன்னொரு கட்டம் உண்டு. 2023 நவம்பரில் வாயேஜர் 1 திடீரென்று அர்த்தமில்லாமல் உளற ஆரம்பித்தது. நினைவகத்தில் ஒரே ஒரு சில்லு பழுது. அதிலிருந்த நிரல்களைத் துண்டு துண்டாக்கி வேறு இடங்களுக்கு மாற்றித்தான் சரிசெய்தார்கள். அரை வாளிச் சர்க்கரை உள்ளே போன பிள்ளையும் இரவு பத்து மணிக்கு அப்படித்தான் உளறும், சோபா மேல் ஏறிக் குதித்துக்கொண்டே. அவர்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது. உங்களுக்கு, நவம்பர் 1 சனி ஞாயிறாக வராவிட்டால், காலை ஏழரை மணிப் பள்ளிப் பேருந்துவரை அவகாசம்.